மாவு நிறுக்கும் தராசில்

குளியல் தொட்டியிலிருந்து இலோவைத் தூக்கிய நொடி
யாரோ பின்னாலிருந்து
கதவை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது.
யாரும் இல்லை. என் குறுக்குதான்.

பதினோரு கிலோ பிள்ளை. சோப்பு வழுக்கல்.
கையை எட்ட நீட்டி
முழங்காலை மடக்காமல்
இடுப்பைத் திருகி
செய்யக்கூடாத எல்லாவற்றையும்
ஒரே மூச்சில் செய்திருந்தேன்.
அவன் ஈரத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி போட்டால் ஒன்பதாம் மாடி.
அன்றைக்குக் காசை விழுங்கிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.
திபிலிசியின் அத்தனை படிகளையும்
அன்று நான் இறங்கினேன் என்று
மருத்துவமனையில் மனானாவிடம் சொன்னேன்.
நல்லது, என்றாள் அவள்.
படுத்தே கிடக்காதே. நட.

வாஜா நிலவறையில் ரொட்டி சுடுகிறவன்.
அடுப்பு என்றால் அது ஒரு கிணறு.
தலை முதலில் உள்ளே பாய்ந்து
சூடான சுவரில் மாவை அப்பிவிட்டு
உடம்பை மீட்டு எடுக்க வேண்டும்.
நாளுக்கு நானூறு முறை.
விடிகாலையில்
ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு
கட்டில் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பான்.
யோசிக்கிறான் என்றே நினைத்திருந்தேன்,
ஏழு வருடம்.

சுடுநீர்ப் பையோடு நான் சாய்ந்திருக்க
தெக்லே வந்தாள்.
அவள் புத்தகப்பையைக் கீழே போடும் சத்தத்துக்கு
எட்டாம் மாடி நாய் குரைக்கும்.
எனக்கும் அங்கேதான், என்றாள்.
எங்கே?
உனக்கு வலிக்கிற அதே இடத்தில்.
எப்போதிலிருந்து?
பனி விழுவதற்கு முன்னாலிருந்து.
ஏன் சொல்லவில்லை?
அப்பாவும் சொல்வதில்லையே.

மறுநாள் வாஜா அவளையும் பையையும்
ரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனான்.
மாவு நிறுக்கும் தராசில் முதலில் பை:
ஆறு கிலோ நூறு.
பிறகு பெண்: இருபத்தெட்டு.
மாவு படிந்த பலகையில் விரலால் கணக்குப் போட்டான்.
போட்ட கணக்கை
உள்ளங்கையால் அழித்துவிட்டு
பையைக் கவிழ்த்தான்.

போன வருடத்து நிலவரைபடப் புத்தகம்.
இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டும் நிரம்பி.
நீச்சல் துண்டு, இன்னும் ஈரமாய்.
ஆற்றங்கரைக் கல் ஒன்று.
கல் எதற்கு?
அழகாக இருந்தது.
கல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மூன்றே கால் கிலோவோடு,
முதல்முறையாக இரண்டு தோளிலும் பட்டை மாட்டி,
திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு வீடு கொஞ்சம் கோமாளித்தனமாகிவிட்டது.
இஸ்திரி மேசைமேல் என் மடிக்கணினி;
நின்றபடி வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.
தெக்லேயின் தொங்கும் கால்களுக்கு அடியில்
காலி மாவு டின்.
கடையிலிருந்து வாஜா கொண்டுவந்த பழைய மணி
அரை மணிக்கொருமுறை அலறும்.
அலறினால் எல்லோரும் எழ வேண்டும்,
பல்பெருக்கலின் நடுவில் இருந்தாலும்.
சில நாள் எழுவோம்.
சில நாள் மணியைத் தலையணைக்கடியில் புதைப்போம்.

நேற்று சமையலறையில்
ஒரு காராமணி விதை உருண்டு போனது.
இலோ போனான்.
பாதம் அகற்றி, முழங்கால் மடித்து, முதுகு நேராக
அப்படியே இறங்கினான்.
எடுத்தான்.
அப்படியே எழுந்தான்.
மனானா மூன்று வாரமாய் எனக்குச் சொல்வது அது.
இன்னொரு தடவை, என்று தெக்லே
இன்னொரு விதையைப் போட்டாள்.
நாங்களும் இறங்கினோம்.
வாஜாவின் முழங்கால்கள் சடசடத்தன.
கிண்ணம் காலியாகும்வரை
தரையில்தான் இருந்தோம்.

அடுப்பின் ஆழம் குறையவில்லை.
மணிக்கொருமுறை குராமோடு ஆள்மாற்றிக்கொள்கிறான்,
அவ்வளவுதான்.
இன்று நாலு மணிக்கும்
கட்டில் விளிம்பில் காலுறையோடு இருந்தான்.
ஒருக்களித்து, கையை ஊன்றி
எழுந்து அருகில் போய் உட்கார்ந்தேன்.
யோசிக்கிறாயா?
இல்லை, என்றான்.
வலிக்கிறது.
காலுறையை வாங்கிக்கொண்டு
முழங்காலை மடித்துத் தரையில் இறங்கினேன்.